காணாமையும் இல்லாமையும்

ஒருவருக்கு ஒருமுறை நிகழ்ந்து, பிறர் எவர் முன்னும் வேண்டும்போது மீண்டும் நிகழாத ஒன்றை, நிகழ்ந்ததென்றே ஒப்புக்கொள்வதா, அல்லது அவருடைய மனமயக்கமென்று தள்ளிவிடுவதா என்னும் வினா சமயத் துறையில் மிகப் பழமையானது. தியானத்தில் அமர்ந்த ஒருவர் தமக்கு ஓர் அனுபவம் வாய்த்தது என்கிறார். கேட்பவர் அதைத் தமக்கும் காட்டும்படி வேண்டுகிறார். காட்ட இயலாமற்போகவே, அச்சொல்லுக்கு அடியார் கூட்டத்தில் ஒரு மதிப்பும் ஆராய்ச்சியாளர் கூட்டத்தில் வேறொரு மதிப்பும் ஏற்பட்டுவிடுகின்றன. இவ்வினாவைச் சமயத் துறைக்குள்ளேயே வைத்து ஆராயப் புகுந்தால், விசாரணை தொடங்குவதற்கு முன்னரே பக்தியும் வெறுப்பும் முந்திக்கொண்டு தீர்ப்பை எழுதிவிடுகின்றன. ஆகையால், பக்திக்கும் வெறுப்புக்கும் இடமில்லாத ஒரு தொழிலில் இதே வினா எழுந்து, முறையாக விசாரிக்கப்பட்டு, ஐயமற்ற முடிவையும் கண்ட ஓர் உதாரணம் கிடைக்குமானால், அதைப் பொறுமையோடு பார்ப்பது பயனுடைய காரியம். அத்தகைய உதாரணம் ஒன்று, கணினித் திரையில் சாளரங்களை வரைந்து காட்டும் மென்பொருளைப் பழுதுபார்ப்போரின் தொழிலில் இருக்கிறது.

திரையில் நாம் காணும் சாளரங்களை அந்தந்த நிரல் தானே நேராகச் சென்று எழுதிவிடுவதில்லை. கடிதம் எழுதும் நிரலும், கணக்குப் போடும் நிரலும், படம் காட்டும் நிரலும் தத்தம் சித்திரத்தைத் தயாரித்து ஒரு நடுநிரலிடம் ஒப்படைக்கின்றன. எது மேலே, எது கீழே, எந்த மானிட்டரில் எது என்று தீர்மானித்து அனைத்தையும் ஒன்றாகச் சேர்த்துத் திரைக்கு அனுப்புவது அந்நடுநிரலின் வேலை. யூனிக்ஸ் வகைக் கணினிகளில் இப்பணியை நெடுங்காலம் செய்துவந்தது, 1984இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் தொடங்கப்பெற்று 1987இல் 11ஆம் பதிப்பை எட்டிய எக்ஸ் என்னும் சாளர அமைப்பு. லினக்ஸ் கணினிகளில் அதன் இடத்தை இப்போது படிப்படியாகப் பெற்றுவருவது, கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் 2008இல் தொடங்கிய வேலண்ட். வேலண்டில் நடுநிரலுக்குக் கம்பாசிட்டர் என்று பெயர். கம்பாசிட்டரும் மற்ற நிரல்களும் செய்திகளை அனுப்பியே பேசிக்கொள்கின்றன; ஒரு செய்தியை அனுப்பிய நிரல், அது போய்ச் சேர்ந்ததா, அதற்கு விடை என்ன என்று காத்திராமல் தன் வேலையைத் தொடரலாம் என்பது அப்பேச்சின் விதி. வேகத்துக்காக ஏற்பட்ட இவ்விதிக்குள்ளேதான் நம் வினாவின் வேர் புதைந்திருக்கிறது.

இவ்வமைப்பைப் பயன்படுத்துவோரிடமிருந்து பழுதுபார்ப்போருக்கு வரும் முறையீடுகளில் ஒரு வகை இப்படிப்பட்டது: இரவில் மானிட்டரை அணைத்துவிட்டுப் படுக்கப் போனேன், காலையில் வந்து திரையை எழுப்பினால், திறந்து வைத்திருந்த நிரல்களில் சில காணாமற்போயிருக்கின்றன, தினந்தோறும் இவ்வாறு ஆவதில்லை, எப்போதாவது ஆகிறது, ஆகும்போது என் வேலை பாழாகிறது. முறையீட்டைப் பெற்றவர் அலட்சியக்காரர் அல்லர். அவரும் தம் மானிட்டரை அணைக்கிறார், எழுப்புகிறார். மறுபடியும் அணைக்கிறார், எழுப்புகிறார். ஒரு நிரலும் மறையவில்லை. கடைசியில், மீண்டும் நிகழ்த்த இயலவில்லை என்று ஒரு வரி எழுதி முறையீட்டை முடித்துவைக்கிறார். அவ்வரி வெறும் அலுவலகக் குறிப்புப்போலத் தோன்றினாலும், அதற்குள்ளே ஒரு முழுமையான தத்துவக் கொள்கை ஒளிந்திருக்கிறது. எனக்குத் தோன்றாதது இல்லை என்றோ, இருந்தாலும் அறிவாகக் கொள்ளத் தக்கதன்று என்றோ அது சொல்கிறது.

இந்திய தர்க்க நூலோர் இவ்விடத்தில் இரு கட்சிகளாகப் பிரிந்து வாதிட்டனர். ஓர் அறிவு தோன்றும்போதே அதன் உண்மைத் தன்மையும் உடன் தோன்றுகிறது, அதை மறுக்கும் வேறோர் அறிவு எழும்வரையில் அது உண்மையே என்பது மீமாம்சகரின் சுவதப் பிராமாணியக் கொள்கை. குமாரில பட்டர் இதனை மிக்க வன்மையோடு நிலைநாட்டினார். அறிவு தோன்றிவிட்டதனால் மட்டும் உண்மையாகிவிடாது, அதை நம்பிச் செய்த காரியம் பலித்த பிறகே உண்மையென்று துணியவேண்டும் என்பது நையாயிகரின் பரதப் பிராமாணியக் கொள்கை. பழுதுபார்ப்பவர் தம்மை அறியாமலே நையாயிகராக இருக்கிறார், முறையிட்டவரோ மீமாம்சகர். தமிழ் வாசகருக்கும் இவ்விசாரம் புதிதன்று. மணிமேகலையில் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை, அளவைவாதியின் வாயிலாகப் பிரமாணங்களை வரிசைப்படுத்திக்கொண்டே தொடங்குகிறது. எதை நம்புவது என்பதை முடிவு செய்யாமல் எந்தச் சமயத்தைத் தழுவுவது என்று பேசப் புகுவது வீண் என்பதை அக்காப்பியத்தை இயற்றிய சாத்தனார் நன்கு உணர்ந்திருந்தார்.

எனக்கு இவ்விரு கட்சிகளுள் மீமாம்சகரின் கட்சியே இங்கே பொருத்தமாகப் படுகிறது. முறையிட்டவருக்குப் பொய் சொல்வதில் லாபமில்லை. தம் வேலை பாழாயிற்று என்பதை அவரைவிட நன்றாக அறியத்தக்கவர் வேறெவரும் இல்லை. அவர் கண்டதை மறுக்கும் அறிவென்று எதுவும் இதுவரை எழவுமில்லை. பழுதுபார்ப்பவருக்கு அது தோன்றவில்லை என்பது மறுப்பாகாதோ என்று கேட்கலாம். ஆகுமா, ஆகாதா என்பதைத்தான் மிகவும் நுணுகிப் பார்க்கவேண்டும்.

ஒரு பொருளின் இன்மையை நாம் எவ்வாறு அறிகிறோம் என்னும் கேள்விக்கு விடையாக, பாட்ட மீமாம்சகரும் அத்வைதிகளும் அனுபலப்தி என்று ஒரு தனிப் பிரமாணத்தையே வகுத்தனர். தரையில் குடம் இல்லை என்று அறிவது குடம் அங்கே காணப்படாமையினால். ஆனால் காணாமையெல்லாம் இல்லாமையை நிரூபித்துவிடாது என்பதையும் அவர்களே உடனே சொல்லிவைத்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் தர்மராஜ அத்வரீந்திரர் இயற்றிய வேதாந்த பரிபாஷை இதனை விளக்குவதற்குக் கையாளும் உதாரணம் எளியது: வெளிச்சமுள்ள தரையில் குடம் இருந்திருந்தால் அது கண்ணுக்குப் பட்டிருக்கும், ஆகவே அங்கே அது படாதது அதன் இன்மைக்குச் சான்று. இருட்டறையில் குடம் இருந்தாலும் கண்ணுக்குப் படாது. ஆகவே இருட்டில் குடத்தைக் காணாதவன் குடம் இல்லையென்று சொல்ல அதிகாரம் பெற்றவன் ஆகான். இருந்திருந்தால் தெரிந்திருக்கும் என்று சொல்லத்தக்க நிலைமையில் உண்டாகும் காணாமைக்கு யோக்கியானுபலப்தி என்று பெயர். அந்த யோக்கியதை இல்லாத காணாமை வெறும் அறியாமையே.

இப்போது பழுதுபார்ப்பவரின் அறைக்குத் திரும்புவோம். டிஸ்பிளேபோர்ட் என்னும் இணைப்பினால் கணினியோடு சேர்க்கப்பட்ட மானிட்டர்களில் பல, தம் விசையை அணைத்ததும், அல்லது ஆழ்ந்த உறக்கத்துக்குப் போனதும், தாம் இணைந்திருக்கிறோம் என்று கணினிக்குச் சொல்லும் மின்குறிப்பையும் நிறுத்திவிடுகின்றன; கணினியின் பார்வையில் அம்மானிட்டர் கம்பியோடு பிடுங்கப்பட்டதுபோல ஆகிவிடுகிறது. வேறு பல மானிட்டர்களோ, குறிப்பாக எச்.டி.எம்.ஐ. இணைப்பில் உள்ளவற்றில் பல, அணைந்திருக்கும்போதும் அக்குறிப்பை விடாமல் தாங்கி நிற்கின்றன. கணினிக்கு அவை எப்போதும் உள்ளனவே. பழுதுபார்ப்பவர் இரண்டாம் வகை மானிட்டர் முன் அமர்ந்துகொண்டு அதை எத்தனை தடவை அணைத்து எழுப்பினாலும், முதல் வகை மானிட்டரின் முன் நிகழ்வது அங்கே நிகழாது, நிகழ முடியாது. அவருடைய காணாமை இருட்டறையில் நின்றவனுடைய காணாமை. முயற்சியின் எண்ணிக்கை அதற்கு யோக்கியதையைத் தந்துவிடாது என்பதை இங்கே கவனிக்கவேண்டும். உழைப்பு மிகுந்தது என்பதனால் தீர்ப்பும் வலுப்பெற்றுவிட்டதாக எண்ணுவது இத்தொழிலில் மட்டுமன்று, எல்லா ஆராய்ச்சியிலும் நேரும் மயக்கம்.

மேல்நாட்டுத் தத்துவத்தில் இதே இடத்தில் நின்று திகைத்தவர் ஸ்காட்லாந்தின் டேவிட் ஹியூம். 1748இல் முதன்முதல் வெளிவந்த தம் நூலில், அற்புதங்களைப் பற்றிப் பேசும் பகுதியில், உறைபனியின் விளைவுகளைப் பிறர் சொல்லக் கேட்டு நம்ப மறுத்த ஓர் இந்திய இளவரசனை அவர் குறிப்பிடுகிறார். அவன் நியாயமாகவே தர்க்கித்தான் என்று தீர்ப்பும் அளிக்கிறார். நீர் கல்லாக இறுகும் என்பது அவன் அனுபவத்தோடு சிறிதும் ஒட்டாத செய்தி. ஆயினும் ஹியூமுக்கே மனத்தில் ஒரு நெருடல் இருந்திருக்கவேண்டும். சுமத்ரா தீவினர் தம் நாட்டில் நீர் உறைந்ததைக் கண்டதில்லையே தவிர, குளிர்காலத்து ருஷ்யாவில் நீரைக் கண்டவரல்லர், ஆதலால் அங்கே என்ன ஆகும் என்பது குறித்து உறுதியாகப் பேச அவர்களுக்கு உரிமையில்லை என்று ஒரு குறிப்பைச் சேர்த்துவைக்கிறார். அந்தக் குறிப்பு யோக்கியானுபலப்தியின் வாயில்வரை வந்து நிற்கிறது. இளவரசனின் தர்க்க முறையில் பிழையில்லை என்பதை ஒப்புக்கொண்டாலும், அவன் நின்ற இடம் தீர்ப்புச் சொல்லத் தகுந்த இடமன்று என்பதை நம் நூலோரே தெளிவாகப் பெயரிட்டுச் சொன்னார்கள் என்பது என் அபிப்பிராயம்.

சாட்சியை நம்பவேண்டும் என்று சொன்னதனால் சாட்சி சொல்வது அனைத்தையும் நம்பவேண்டும் என்று ஆகிவிடாது. முறையீட்டில் அநேகமாக இரண்டு பகுதிகள் கலந்திருக்கும். நிரல் மறைந்தது என்பது ஒரு பகுதி. சென்ற வாரம் வந்த புதுப்பிப்பினால்தான் மறைந்தது என்பது இன்னொரு பகுதி. முதலாவது காட்சி, இரண்டாவது காரணக் கற்பனை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நம் முன்னோர் காகதாலீய நியாயம் என்று பெயரிட்டு வைத்தது, முன்னே நின்றதையெல்லாம் காரணமென்று கொள்ளும் இந்த மனவியல்பைக் கண்டித்தற்காகவே. தவறாமல் முன்னிற்பது, அதோடு காரியத்தின் பொருட்டு உண்மையாக வேண்டப்படுவது, இவ்விரண்டும் கூடியதே காரணம் என்று தர்க்க நூல்கள் இலக்கணம் வகுத்தன. எனவே பழுதுபார்ப்பவர் செய்யவேண்டுவது மிக அருமையான ஒரு பிரிவினை: நிகழ்ச்சிக்குச் சாட்சியை முழு அதிகாரியாக ஏற்றுக்கொண்டு, காரணத்துக்கு அவரை அதிகாரியாக ஏற்காமலிருப்பது. நடைமுறையில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்துவிடுகிறார்கள். சாட்சி கூறிய காரணம் தவறென்று கண்டவுடனே, அவர் கூறிய நிகழ்ச்சியும் பொய்த்துவிட்டதாக எண்ணி ஆறுதலடைகிறார்கள்.

இனி, நம்பியபிறகும் காரணத்தைக் காண்பது எளிதன்று. மென்பொருளில் பிழைகள் இரு வகை என்பதை 1985இல் டாண்டம் நிறுவனத்தைச் சார்ந்த ஜிம் கிரே ஒரு கட்டுரையில் எடுத்துக்காட்டினார். ஒரே நிலைமையில் ஒரே விதமாகத் தவறாமல் தோன்றும் பிழை ஒரு வகை. அதற்கு அணுவின் திடமான மாதிரியை வகுத்த போர் என்னும் பௌதிக அறிஞரின் பெயர். பார்க்கப் புகுந்தால் மறைந்துவிடும் பிழை மற்றொரு வகை. அதற்கு மற்றொரு பௌதிக அறிஞரான ஹைசன்பர்கின் பெயர். ஆராய்ந்து பார்த்த 132 மென்பொருள் பிழைகளில் ஒன்றே ஒன்றுதான் முதல் வகையைச் சேர்ந்தது என்று அவர் எழுதினார். உலகத்தின் பயன்பாட்டுக்கு விடப்பட்ட நிரல்களில் திடமான பிழைகள் முன்னரே களையப்பட்டுவிடுவதால், எஞ்சி நிற்பவை பெரும்பாலும் நழுவிச் செல்லும் பிழைகளே என்பது இதன் தாத்பரியம்.

திரை மென்பொருளில் இந்நழுவல் எவ்வாறு ஏற்படுகிறது என்பதை உற்று நோக்கவேண்டும். வேலண்டில் நிரலுக்கும் கம்பாசிட்டருக்கும் இடையே போகும் செய்தி ஒவ்வொன்றையும் எழுத்தில் காட்டும்படி ஓர் ஏற்பாடு உண்டு. அதைத் திறந்துவிட்டால் நிரல் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு வரி எழுதத் தொடங்குகிறது. எழுதுவதில் காலம் செல்கிறது. காலம் சென்றதனால் நிகழ்ச்சிகளின் முன்பின் மாறிவிடுகிறது. மாறவே, பிழை தோன்றுவதில்லை. வால்கிரைண்ட் என்னும் ஆய்வுக் கருவியின் கீழ் இயக்கினால், நிரல் இயல்பைவிடப் பத்து மடங்கு முதல் ஐம்பது மடங்கு வரை மெதுவாகிறது. நிரலுக்குள் ஒருங்கே ஓடும் வேலைத்தொடர்களாகிய பல இழைகளும் ஒன்றன்பின் ஒன்றாகவே ஓட வேண்டியும் வருகிறது. உண்டெனில் உண்டு, இல்லெனில் இல்லை என்று காரணத்தைச் சோதிக்கும் அன்வய வியதிரேக முறை, சோதிப்பவனின் கை படாத வரையில்தான் செல்லும். கை பட்டதே ஒரு காரணமாகி நிகழ்ச்சிக்குள் புகுந்துகொள்ளும் இடத்தில் அம்முறை தள்ளாடுகிறது.

அப்படியானால் இது தற்செயலா என்று கேட்கத் தோன்றும். கணினியோ ஒரே கட்டளைக்கு ஒரே பலனைத் தரும்படி கட்டப்பட்ட இயந்திரம். அதில் வேறுபாடு எங்கிருந்து வருகிறது? செய்திகள் வந்துசேரும் கணம், எந்த இழை எப்போது ஓடவேண்டும் என்று இயங்குதளம் எடுக்கும் தீர்மானம், மானிட்டரின் மின்குறிப்பு எழுந்து விழுந்த நேரம் ஆகிய வெளியிலிருந்து வருபவற்றால்தான். இவற்றையெல்லாம் பதிவு செய்துவைத்தால் மறைந்த நிகழ்ச்சியை அப்படியே மறுபடியும் வரவழைக்கலாமே என்னும் எண்ணத்தினால், மொசில்லாவில் ராபர்ட் ஓகலஹனும் அவருடைய தோழர்களும் ஆர்.ஆர். என்னும் கருவியை உருவாக்கி 2014இல் வெளியிட்டார்கள். அதில் ஒருமுறை பதிவான ஓட்டத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் ஓட்டிப் பார்க்கலாம். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், நினைவகத்தின் அதே முகவரியில், அதே பிழை வந்து நிற்கும். காலத்தைப் பின்னோக்கி ஓட்டி, கெட்ட மதிப்பை எழுதிய கட்டளை எது என்றும் தேடிப் பிடிக்கலாம். முதலில் தற்செயல்போலத் தோன்றியதே பிறகு சிறிதும் பிசகாமல் வந்துகொண்டிருப்பதைக் காணும்போது, தற்செயல் என்பது நிகழ்ச்சியின் குணமன்று, நாம் எதையெல்லாம் குறித்துவைக்கத் தவறினோமோ அவற்றின் கூட்டுப்பெயர் என்று விளங்குகிறது.

இதைக்கொண்டு விதிவாதத்தை நிலைநாட்டப் புறப்படுவாரும் உண்டு. அது தகாது. இழைகள் ஓடும் முறையை வேண்டுமென்றே தாறுமாறாக மாற்றி, அரிதான பிழைகளை வெளிக்கொணரும் முறையொன்றும் அதே கருவியில் பின்னர்ச் சேர்க்கப்பட்டது. அதில் அதே நிரல், அதே மானிட்டர், வேறு வேறு முடிவுகள். நடந்தது நடந்தபடியேதான் நிற்கும் என்னும் உறுதியை, அது நடந்தே தீரவேண்டியிருந்தது என்னும் விதியாகக் கொள்வது பெரும் பிசகு. மேலும் அக்கருவிக்கும் ஓர் எல்லை உண்டு: பதிவுக்கு வெளியே நிற்கும் ஒன்றோடு நினைவகத்தைப் பகிர்ந்துகொள்ளும் நிரலை அதனால் செவ்வையாகப் பதிய இயலாது. படம் வரையும் சில்லோடு நினைவகத்தைப் பகிர்ந்துகொள்வதே தொழிலாகக் கொண்ட கம்பாசிட்டருக்கு அதன் உதவி சுருங்கியே கிடைக்கிறது.

ஆகவே மறைந்த நிரல்களின் வழக்கில், பிடிபடாத நிகழ்ச்சியைப் பிடிக்கும் முயற்சியால் உண்மை வெளிப்பட்டுவிடாது. மறைந்த நிரல் தன் பின்னே விட்டுச்சென்ற தடயம் சொற்பம். விபத்தில் இறந்த நிரலானால் அதன் நினைவகத்தின் முழுப் பிரதியொன்று ஆராய்ச்சிக்குக் கிடைக்கும்; இந்நிரல்களோ அவ்வாறு இறக்கவில்லை, கம்பாசிட்டரோடு கொண்ட இணைப்பு அறுந்ததும் தாமே முறைப்படி வெளியேறிவிட்டன. குறிப்பேட்டில் ஒரே ஒரு வரி: இன்ன எண்ணுள்ள மானிட்டர் செல்லாது என்று கம்பாசிட்டர் மறுத்துவிட்டதாக. இவ்வரியைக் கையில் வைத்துக்கொண்டு, இது நேரவேண்டுமானால் வேறு எது நேர்ந்திருக்கவேண்டும் என்று கேட்பதுதான் அடுத்த படி. பகலில் உண்ணாத தேவதத்தன் பருத்திருக்கிறான், ஆகவே இரவில் உண்கிறான் என்று துணியும் அருத்தாபத்திப் பிரமாணம் இங்கே தன் முழு ஆற்றலையும் காட்டுகிறது.

கம்பாசிட்டர் தன்னிடம் உள்ளவற்றையெல்லாம் எண்ணிட்டு நிரல்களுக்கு அறிவிக்கிறது. மானிட்டர் ஒன்று வந்தால், இன்ன எண்ணில் ஒரு மானிட்டர் உண்டு என்கிறது. போனால், அவ்வெண் நீங்கிற்று என்கிறது. நிரல், வந்ததென்ற அறிவிப்பைக் கண்டதும், அவ்வெண்ணைத் தனக்குப் பிணைத்துத் தரும்படி கேட்கிறது. உறக்கத்திலிருந்து எழும் மானிட்டர் சில வேளைகளில் ஒரே தடவையில் எழுந்துவிடுவதில்லை. வருகிறது, உடனே போகிறது, மறுபடி வருகிறது. வந்த செய்தியைப் படித்த நிரல் தன் வேண்டுகோளை அனுப்புகிறது. அவ்வேண்டுகோள் வழியில் இருக்கும்போதே மானிட்டர் போய்விடுகிறது. கம்பாசிட்டர் அதை அழித்துவிட்டு, நீங்கிற்று என்னும் செய்தியை அனுப்புகிறது. இரு செய்திகளும் வழியில் ஒன்றையொன்று கடக்கின்றன. நிரல் பேசியது, தான் அறிந்த அளவில் முழு உண்மை. கம்பாசிட்டர், அப்படி ஒன்று இல்லையே என்று மறுத்ததும் முழு உண்மை. வேலண்டின் சட்டத்தில் இல்லாததைக் கேட்பது மன்னிக்கப்படாத குற்றம். தண்டனை, இணைப்பை அறுப்பது. பொய் சொல்லாத ஒருவன், பொய் சொல்லாத ஒரு நீதிபதியால், சரியான சட்டத்தின்படி தண்டிக்கப்பட்டான். ஒரு பொருளின் அழிவு இருவருக்கும் ஒரே கணத்தில் தெரியும் என்று சட்டம் செய்தவர்கள் சொல்லாமலே நம்பியிருந்ததுதான் பிழை.

இந்த இடத்தை நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். பிரத்வம்சாபாவம் என்று நையாயிகர் சொல்லும், அழிவுக்குப் பின் உண்டாகும் இன்மை, உலகத்தில் ஒரு கணத்தில் தோன்றுகிறது. அறிபவனிடத்தில் வேறொரு கணத்தில் தோன்றுகிறது. இடைப்பட்ட காலம் எவ்வளவு சிறியதாயினும், அந்தக் காலத்துக்குள் அறிபவன் செய்வது எல்லாம், இல்லாத ஒன்றைக் குறித்த நேர்மையான செயல். அதைப் பொய்யென்று பெயரிட இயலாது. பிராந்தி என்றும் சொல்ல இயலாது, ஏனெனில் கயிற்றைப் பாம்பென்று காண்பதுபோல அவன் ஒன்றை வேறொன்றாகக் காணவில்லை. சிறிது முன்னே உண்மையாயிருந்ததையே கண்டான்.

காரணம் இவ்வாறு விளங்கியபின் ஒரு மாறுதல் உண்டாயிற்று. நிரலின் வேண்டுகோளைச் சற்றே தாமதிக்கச் செய்து, அந்த இடைவெளியில் மானிட்டரை வரவும் போகவும் செய்தால், எவருடைய கணினியிலும் அப்பிழையை வேண்டிய தடவை வரவழைக்கலாம். எந்த நிகழ்ச்சியை மீண்டும் நிகழ்த்த இயலவில்லை என்று தள்ளினார்களோ, அது இப்போது ஏவலுக்குக் கீழ்ப்படிகிறது. மீண்டும் நிகழ்த்திக் காட்டு, பிறகு அறிவென்று ஒப்புகிறேன் என்று கேட்டவர், முடிவில் வரவேண்டியதை முதலில் வைத்துக் கேட்டார் என்பது இதனால் தெரிகிறது. முதலில் ஒருவரின் சொல், அடுத்து ஒரு தடயம், அதன்பின் அருத்தாபத்தி, அதற்குப் பின்னரே மறுநிகழ்ச்சி. முதற்படியை மறுத்தவருக்கு நான்காம் படி ஒருநாளும் வாய்த்திராது.

பரிகாரமும் இவ்வறிவுக்கு ஏற்றதாகவே அமைந்தது. 2020இல் வந்த வேலண்ட் நூலகத்தின் 1.18 பதிப்பு, நீக்கத்தையும் அழிவையும் இரண்டாகப் பிரித்தது. மானிட்டர் போனதும் கம்பாசிட்டர் நீங்கிற்று என்று அனைவருக்கும் அறிவித்துவிடுகிறது. ஆனால் அதற்குரிய பதிவை உடனே அழிக்காமல், தாமதித்து வந்துசேரும் வேண்டுகோள்களைச் சினமின்றி ஏற்றுக்கொண்டு, சிறிது காலம் கழித்து அழிக்கிறது. எவ்வளவு காலம் என்பதை அந்நூலகம் வரையறுக்கவில்லை. கம்பாசிட்டரை எழுதுவோரின் விவேகத்துக்கு விட்டுவிட்டது.

இனிச் சமயத்துக்கு வருவோம். 1896இல் மதுரையில், 16 வயதுச் சிறுவராயிருந்த வேங்கடராமனுக்கு மரண பயத்தின் நடுவே வாய்த்த அனுபவத்தை, பின்னாளில் ரமண மகரிஷியாகப் பெயர்பெற்ற அவர் எவருக்கும் நிகழ்த்திக் காட்டவில்லை. காட்ட முயன்றதாகவும் இல்லை. வந்தவர்களுக்கு அவர் அளித்தது, நான் யார் என்னும் விசாரணை முறை. நிகழ்ச்சியைப் பார் என்று சொல்லாமல், இன்ன நிலைமையை உண்டாக்கிக்கொள் என்று சொல்வது, மேலே கண்ட வழக்கில் காரணம் கண்டவர் சொல்வதையே ஒத்திருக்கிறது. அவ்விசாரணையில் ஒருநாளும் இறங்காத ஒருவர், எனக்கு எதுவும் தோன்றவில்லை என்று கூறுவாரானால், அவருடைய காணாமைக்கு யோக்கியதை இல்லை என்று தயங்காமல் சொல்லலாம். அனுபவம் வாய்த்தது என்னும் சொல்லை ஏற்பதும், அவ்வனுபவத்துக்குச் சித்தாந்தங்கள் கற்பிக்கும் காரணங்களை வேறாக நிறுத்தி விசாரிப்பதும் நாத்திகமோ ஆத்திகமோ ஆகா. ஒரு முறையீட்டை நேர்மையாகப் படிக்கும் முறை அது.

ஆனால் இவ்விடத்தில் பெரிய அபாயம் ஒன்று காத்திருக்கிறது. அதைச் சொல்லாமல் விடுவது சமயத்துக்குச் செய்யும் துரோகமாகும். ஒருவன் சொன்னபடியெல்லாம் செய்து பார்த்து, எனக்குத் தோன்றவில்லை என்கிறான், உனக்குத் தகுதி போதாது என்று விடை வருகிறது, இன்னும் செய்கிறான், இன்னும் போதாது என்கிறார்கள். தகுதி என்ன என்பது காணாமைக்குப் பிறகு, காணாமையைச் சமாளிப்பதற்காகவே, ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்லப்படுமானால், யோக்கியானுபலப்தி என்னும் அரிய கருவி எந்தப் பொய்யையும் காக்கும் கவசமாகிவிடும். டிஸ்பிளேபோர்ட் மானிட்டர் வேண்டும் என்பது, சோதனையில் தோற்றவரை வாயடைப்பதற்காகக் கற்பிக்கப்பட்டதன்று. அம்மானிட்டர் மின்குறிப்பை நிறுத்துவதை இம்முறையீட்டோடு தொடர்பே இல்லாதவரும் கருவியால் அளந்து பார்க்கலாம். தகுதியின் இலக்கணம் பலனைச் சாராமல் தனியே நிற்கவேண்டும், சோதனைக்கு முன்னரே சொல்லப்படவேண்டும். சாதன சதுஷ்டயம் என்று விவேகம், வைராக்கியம், சமம் முதலிய ஆறு, முமுட்சுத்துவம் ஆகியவற்றை வேதாந்திகள் தொடக்கத்திலேயே வகுத்துவைத்தது இந்த நேர்மையின் அறிகுறி என்றே நான் கொள்கிறேன். ஆயினும் இவை ஒருவனிடத்தில் உண்டா இல்லையா என்பதைப் பலனைக் கொண்டு அன்றி வேறு எதைக் கொண்டு அளப்பது என்னும் கேள்விக்கு வேதாந்திகள் இன்னும் தெளிவாக விடை கூறக் கடமைப்பட்டவர்கள்.

பழுதுபார்ப்பவரிடமும் கேட்கவேண்டியது ஒன்று உண்டு. மீண்டும் நிகழ்த்த இயலவில்லை என்று எழுதும் இடத்தில், எந்த மானிட்டர், எந்த இணைப்பு, எந்தக் கம்பாசிட்டர், எந்தப் பதிப்பு, நிரல்கள் எத்தனை திறந்திருந்தன என்பவற்றையும் சேர்த்து எழுதட்டும். அவ்வாறு எழுதப்பட்ட காணாமை, வேறொருவர் வந்து தம் நிலைமையோடு ஒப்பிட்டு, எது வேறுபடுகிறது என்று பார்க்கத்தக்க சாட்சியமாகும். முறையிட்டவரின் சொல்லும் அதன் பக்கத்தில் திறந்தபடியே இருக்கும்.